ஒரே நோய்க்குச் சொட்டு மருந்தும் ஊசியும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நலம் என்றறிந்து மகிழ்ந்தோம். 6-ஆம் வாரத்தில் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்துக் கையில் ஊசியும் போட்டதைக் கண்டு, ஒரே நோய்க்கு இரண்டும் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அதற்கான விடை குடற்சுவரில் இருக்கிறது.

சிறுகுடலில், குறிப்பாக அதன் கடைப்பகுதியில், பேயர் திட்டுகள் என்னும், நோயெதிர்ப்புச் செல்கள் நிறைந்த நிணத் திசுக்கள் உள்ளன. 1677-இல் அவற்றை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் கான்ராட் பேயர், அவை சுரப்பிகள் என்றே கருதினார். அவற்றின் மேற்படலத்திலுள்ள எம் செல்கள், குடல்வழியே செல்லும் நுண்ணுயிர்களில் சிலவற்றை உள்ளிழுத்து, அடியிலிருக்கும் டென்ட்ரிடிக் செல்களிடம், அதாவது கிருமியைப் பிற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் செல்களிடம், சேர்க்கின்றன. அங்கேதான் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி செல்கள் அந்த நுண்ணுயிர்களை அடையாளம் கண்டுகொள்கின்றன. எனக்கு வியப்பூட்டுவது அதற்குப் பின் நடப்பது. டென்ட்ரிடிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்கி, அதைக் கொண்டு அந்தப் பி செல்களின்மேல் குடலின் முகவரியை எழுதிவிடுகின்றன. ஆகவே அவை நிணநீரிலும் இரத்தத்திலும் கலந்து உடலெங்கும் சுற்றினாலும், மறுபடி குடற்சுவருக்கே வந்து தங்கி, பிளாஸ்மா செல்களாக மாறி, ஏ வகை இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பானை, அதாவது கிருமியைப் பற்றித் தடுக்கும் புரதத்தை, குடலுக்குள் சுரக்கின்றன. வளர்ந்த மனிதருக்கு இது நாளொன்றுக்குச் சில கிராம் அளவு சுரக்கிறது.

வாயில் விடும் சொட்டு மருந்து குடலில் இப்படித்தான் வேலை செய்கிறது. கையில் போடும் ஊசியால் விழித்தெழும் செல்களுக்கு அந்த முகவரி வாய்ப்பதில்லை. இரத்தத்தில் எதிர்ப்பான்கள் பெருகும், வைரஸ் நரம்பை எட்டாது, கைகால் செயலிழக்கும் வாதம் வராது. ஆனால் வைரஸ் குடலில் பெருகி மலத்தோடு வெளியேறுவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை. 2005 முதல் ஊசியை மட்டுமே நம்பியிருந்த இஸ்ரேலில், 2013-இல் கழிவுநீரில் போலியோ வைரஸ் மாதக்கணக்கில் தென்பட்டது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை, ஆயினும் பரவலை நிறுத்த மீண்டும் சொட்டு மருந்தைத்தான் நாட வேண்டியிருந்தது.

அப்படியானால் சொட்டு மருந்தே போதுமே என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நம் நாட்டுக் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் அது போதிய அளவு பலன் தருவதில்லை என்பதை வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே காட்டிவிட்டார். குடலில் உண்டாகும் எதிர்ப்பும் நாளடைவில் குறைந்துவிடுகிறது. அதே வேலூரில், முன்பே சொட்டு மருந்து பெற்றிருந்த குழந்தைகளுக்கு ஓர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதன்பின் அவர்களில் வைரஸை வெளியேற்றியவர்கள் குறைந்தனர் என்ற முடிவு 2014-இல் வெளியானது. ஊசி புதிதாக முகவரி எழுதுவதில்லை, ஏற்கெனவே அது எழுதப்பட்ட நினைவுச் செல்களை எழுப்பிவிடுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

10-ஆம் வாரத்தில் சொட்டு மருந்து மட்டும். 14-ஆம் வாரத்தில் மறுபடி இரண்டும். 9-ஆம் மாதத்தில் இன்னோர் ஊசி. மருமகளிடம் இதைச் சொல்லிவிடு. பெயர் வைத்ததும் எழுது.

என்றும் அன்புடன்,
ராமநாதன்