புதன்கிழமை மாத்திரை: குமரி மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஊரிலிருந்து எழுதுகிறேன். அப்பா பால்வெட்டுக்காரர். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரித்தவர். மாதத்தில் ஒருநாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கேட்டே விட்டார்: "மக்களே, எனக்க மருந்து ஒனக்க பையில இல்லியா?" அந்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. பையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் இல்லையே. அதனால்தான் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். எங்கள் பக்கம் ஆமவாதம் என்பார்கள், சரவாங்கி என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயசானால் வருகிற முட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அம்மாவுக்கு 44 வயதில் தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. காப்பி கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். சேலைக்குக் கொசுவம் வைத்துவிட என்னைக் கூப்பிடுவார். கை இளகி வர மணி பத்தாகிவிடும். அண்டி ஆபீஸில் கூலி எடைக்கணக்கு. தோல் உரிப்பதற்கு நகக்கண்ணில் பலம் வேண்டும், பருப்பு உடையவும் கூடாது. பக்கத்தில் இருப்பவருடைய பாத்திரம் நிறையும்போது அம்மாவுடையது பாதிகூட வந்திருக்காது. ஒருநாள் வேலை முடிந்து வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார், "எனக்க கையி நான் சொன்னா கேக்கல்ல."

நோய் இன்னதென்று தெரிய எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. முதலில் எண்ணெய் போட்டுக் கட்டினோம். 2006-இல் சிக்குன்குனியா வந்த காலத்திலிருந்தே எங்கள் ஊரில் எந்த மூட்டுவலிக்கும் 'அந்தக் காய்ச்சலோட மிச்சம்' என்று ஒரு சமாதானம் உண்டு. அதையும் நம்பினோம். அப்புறம் வலி ஊசி. அதற்கப்புறம் லேபிள் இல்லாத ஒரு பொடி. மூன்றாம் நாளே வலி பறந்தது. அம்மா சிரித்தார், மாவு ஆட்டினார், நாங்களும் நிம்மதியானோம். மூன்று மாதத்தில் முகம் உருண்டையானது. "நல்லா தடிச்சிட்டியே" என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். பரிசோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு வேகமான நிவாரணமும் வீங்கிய முகமும் சேர்ந்து வந்தால் ஸ்டீராய்டு கலப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார்.

நாங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஸ்டீராய்டு தேவைதான். அசல் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் குறைந்த அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பார்கள். யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால் எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அசல் மருந்து மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தொடங்குவது இதைத்தான். விலையும் குறைவு. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினையும் அதற்கு எதிராக வேலை செய்யும் இந்த வகை மருந்துகளையும் லெடர்லி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று தெரிந்து, 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நோய் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் மூட்டு கோணாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. எங்கள் பதினான்கு மாதத்தின் விலை என்ன என்பது அம்மாவின் வலது கையைப் பார்த்தால் தெரியும். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இனி அவை நேராகாது.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தினமும் சாப்பிடுகிற வீட்டில், இந்த ஒரு மாத்திரை மட்டும் வாரம் ஒன்று என்பது மனதில் நிற்காது. அம்மாவுக்கு எழுதியது வாரம் 15 மில்லிகிராம், அதாவது ஏழரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு. மருத்துவர் சரியாகத்தான் எழுதினார். ஒரு மாதம் மருந்து தீர்ந்து வேறொரு கடையில் வாங்கினோம். காகிதக் கவரில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சூரியன், ஒரு கோடு, ஒரு நிலா. அவ்வளவுதான். அம்மா காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிட்டார். ஆறு நாள். நான் அப்போது வேலைக்காக வெளியூரில் இருந்தேன். ஏழாம் நாள் வாய் முழுக்கப் புண். கஞ்சித் தண்ணீர் இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் அம்மா இல்லை என்றார்கள். முறிவு மருந்து ஏற்றி, பதினோரு நாள் தனி அறையில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

இப்போது அம்மாவின் கவரில் நானே கறுப்பு மார்க்கரால் எழுதிவிடுகிறேன்: 'புதன் மட்டும்'. பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் கவரில் 'வெள்ளி'. அம்மா படித்தது நாலாம் வகுப்பு வரைதான். கிழமை பார்த்துச் சாப்பிட அது போதும்.

இதை மாவட்டம் முழுவதும் செய்யலாம் அல்லவா? அரசு மருந்தகமானாலும் தனியார் மருந்துக் கடையானாலும், மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும்போது கவரில் கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதியே கொடுக்க வேண்டும், வாயாலும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. செலவென்று பார்த்தால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ரப்பர் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. என் கோரிக்கைகளில் மிகச் சின்னது இதுதான், உடனே உயிரைக் காப்பதும் இதுதான்.

பெரிய கோரிக்கை ரத்தப் பரிசோதனையும் மருந்தும் பற்றியது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அதற்காக நாங்கள் விடிவதற்குள் கிளம்பி, மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, திருவனந்தபுரம் போகிறோம். முடக்குவாதக்காரர்களுக்கு ஒரு நாளின் மிக மோசமான நேரம் காலைதான். அந்த நேரத்தில் அம்மாவால் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது, என் தோளைப் பிடித்துக்கொள்வார். அப்பாவுக்கு அன்று வெட்டு இல்லை, எனக்கு அரைச்சம்பளம். மருந்தின் விலையைவிட மருந்தைக் கண்காணிக்கிற செலவுதான் எங்களை நோகடிக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்று பெண்கள் இந்த அலைச்சலுக்காகவே மருந்தை விட்டுவிட்டார்கள். இன்னொரு பெண் இரண்டே வாரத்தில் "பிடிக்கவில்லை" என்று நிறுத்தினார். இந்த மருந்து வேலை காட்டவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிறப்பு மருத்துவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூரத்தில் போய்ப் பார்க்கலாம், அதில் வருத்தமில்லை. நடுவில் வருகிற பரிசோதனைகள் சாதாரணமானவை. அந்த ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையை வாத நோய்க்கென்று ஒதுக்கலாம். வாத நோய் நிபுணரே அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பொது மருத்துவர் போதும், சந்தேகம் வந்தால் நிபுணரை வீடியோவில் கேட்கலாம். நிபுணர் தொடங்கிவைத்த மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் அங்கேயே தொடர்ந்து கிடைத்தால், பரிசோதனை முடிவு சரியாக இருக்கும் மாதங்களில் அந்த அக்காவின் பையில் அம்மாவின் மாத்திரையும் வந்துசேரலாம். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் இருக்கிறது. விரல்களுக்கான பயிற்சியை அவர்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை. மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், நுரையீரலைத் தழும்பாக்கும், கண்ணை வறளச் செய்யும், எலும்பை மெலியவைக்கும். ஆக, பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் பார்க்க வேண்டும். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் சளி மருந்து கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. மூத்திரக் கடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்களைக் கவிழ்த்துவிடும். அம்மா சாப்பிடுகிற மருந்துகளை ஒரு அட்டையில் எழுதி, எங்கே போனாலும் காட்டச் சொல்லி மணிபர்ஸில் வைத்துவிட்டிருக்கிறேன். இப்படி ஒரு அட்டையை அரசே அச்சடித்துத் தந்தால் எவ்வளவோ நல்லது.

வர்ம ஆசான்களையும் வைத்தியர்களையும் பற்றி ஒரு வார்த்தை. என் தாத்தா களரியில் நின்றவர். சுளுக்குக்கும் அடிபட்டதற்கும் ஆசானின் கை செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நோயாளிகள் ஒளிந்துகொள்வார்கள், வேறு பலன் இருக்காது. இந்த மாவட்டத்தில் கை கடுக்கிறது என்று சொல்லி வருகிறவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான், இல்லாவிட்டால் மருந்துக் கடைக்காரர். இரண்டு கை விரல்களிலும் வீக்கம், காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இறுக்கம், ஆறு வாரமாகக் குறையவில்லை. இப்படி யாராவது வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பேச்சை நடத்த அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? எங்கள் ஊர் ஆசான் யாராவது அன்று அம்மாவை அனுப்பியிருந்தால் அந்த இரண்டு விரல்களும் நேராக இருந்திருக்கும்.

கடைசியாக, கல்யாண வயதுப் பெண்கள். இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது. லூபஸும் (இதுவும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய்தான்) முடக்குவாதமும் இருபதுகளில் வரும்போது, சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்து வீட்டார் சீட்டை மறைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கிறது, அல்லது நிறுத்திவிடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும், முடக்குவாதத்துக்கான இன்னொரு மருந்தான லெஃப்ளூனமைடும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, கருவைச் சிதைக்கக்கூடும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடரலாம், லூபஸ் இருந்தால் தொடர்வதே நல்லது. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டு, நோயையும் அடக்கிவைத்தால் குழந்தை பெறத் தடையில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர். மாமியார் அடுக்களையில் இருக்கும்போது முற்றத்தில் மெதுவாகக் கேட்கத் தெரிந்தவர் அவர்தான். அவருக்கு ஒரு அரைநாள் பயிற்சி கொடுங்கள்.

அம்மாவின் அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற மாதம் முதல் வாரத்தில். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால், பஸ்ஸில் போகும்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். குறைகேட்பு நாளில் நேரில் வரச் சொன்னாலும் வருகிறோம். திங்கட்கிழமைதானே, அம்மாவுக்கு மாத்திரை நாள் இல்லை. கொஞ்சம் பிந்தி, பதினொரு மணிக்கு மேல் நேரம் கொடுத்தால் அவரும் தன் கையாலேயே மனுவைத் தருவார்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மகள்