செப்டிக் டேங்க் வண்டி கொட்ட ஒரு இடம் காட்டுங்க சார்

எங்க பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கும், சுகாதாரப் பிரிவுல இருக்கறவங்களுக்கும், வார்டு கவுன்சிலர் அண்ணனுக்கும் வணக்கம்ங்க.

நான் யாருன்னு உங்களுக்கு தெரியும். ஒரு மாசத்துல நாலு தடவை மனு எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸ் படியேறினவ, ஏரிக்கரை பக்கம் புது லேஅவுட்டுல கடைசி தெரு. பிரச்சனை என்னன்னும் உங்களுக்கு தெரியும், அதனால முதல்ல இருந்து சொல்லல. பங்குனி கடைசியில ஏரி ஓடையில செப்டிக் டேங்க் கழிவை கொட்டிட்டு இருந்த லாரியை பிடிச்சீங்க, ஃபைன் போட்டீங்க. அது சரியான காரியம், அதுக்கு நான் மனசார நன்றி சொல்றேன், ஏன்னா அந்த ஓடைக்கும் எங்க தெரு போர்வெல்லுக்கும் நடுவுல முந்நூறு அடி கூட இருக்காது. ஆனா மறுநாள்ல இருந்து ஒரு வண்டியும் எங்க ஊருக்குள்ள வரமாட்டேங்குது. எங்க டேங்க் நிரம்பிருச்சுன்னு போன் பண்ணா லாரி டிரைவர் தம்பி என்கிட்டயே கேக்கறாரு, "எடுத்துட்டு எங்க கொண்டு போய் ஊத்தறதுங்க அக்கா, இடம் சொல்லுங்க இப்பவே வர்றேன்"னு. நான் என்ன சொல்லட்டும்? அந்த இடத்தை காட்டுங்கன்னு தான் இந்த லெட்டர்.

டேங்கை ஒழுங்கா பாத்துக்காம விட்டுட்டு இப்ப வந்து புலம்பறேன்னு நெனைக்காதீங்க. நாங்க வீடு கட்டினது 2016ல. பத்தடி நீளம், அஞ்சடி அகலம், ஆறடி ஆழம், நடுவுல செவுரு வெச்சு ரெண்டு சேம்பர், கேஸ் போறதுக்கு மாடி உசரத்துக்கு பைப், பைப் வாயில கொசுவலை. பக்கத்துல சோக் பிட் எடுத்தோம், அதான் டேங்க்ல இருந்து வழியற தண்ணி மண்ணுல இறங்கற குழி, நம்ம பக்கத்து மண்ணு தான் உங்களுக்கு தெரியுமே, அஞ்சடியிலயே பாறை வந்துருச்சு, கம்ப்ரசர் வெச்சு உடைச்சும் ஏழடிக்கு மேல போக முடியல. பாறை எங்க தண்ணியை உறிஞ்சும்? அதனால ஆரம்பத்துல இருந்தே நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருந்தோம். வாஷிங் மெஷின் தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி எல்லாம் தனி பைப் போட்டு தென்னைக்கும் வாழைக்கும் விட்டாச்சு. கக்கூஸ்ல ஆசிட் ஊத்தறதில்ல, ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் நிறைய போச்சுன்னா மலத்தை கரைக்கிற பாக்டீரியா செத்துப்போகும், அப்புறம் டேங்க் வெறும் சேத்து தொட்டி தான். நாப்கின், துணி, சமையல் எண்ணெய் எதுவும் உள்ள போகாது. 3 வருசத்துக்கு ஒருக்கா லாரி வெச்சு எடுத்தோம், 2019ல ஒண்ணு, 2022ல ஒண்ணு. 2 இல்லன்னா 3 வருசத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்னு அரசாங்கமே சொல்லுது, அதைத்தான் செஞ்சோம். அடுத்து எடுக்கவேண்டியது தள்ளிப்போச்சு, அது எங்க தப்பு தான், ஒத்துக்கறேன். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை கொட்டினப்போ, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், அரூர்ல 33, அப்பவே சோக் பிட் நிரம்பி வாசல் வரைக்கும் வந்துச்சு, மழை தண்ணி தானேன்னு விட்டுட்டோம்.

இந்த சித்திரையில ஃப்ளஷ் பண்ணா தண்ணி மெதுவா இறங்குச்சு. அப்புறம் பாத்ரூம் ஜாலியில கொடகொடன்னு சத்தம். பிளம்பரை கூப்பிட்டு மொத சேம்பர் மூடியை திறந்தா தண்ணி இன்லெட் பைப்புக்கு மேல நிக்குது. அவரு நீளமான மூங்கில் குச்சியில பழைய வெள்ளை டவல் சுத்தி அடி வரைக்கும் விட்டு, கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தாரு, மூணடி உசரத்துக்கு கருப்பு ஒட்டியிருந்துச்சு. தண்ணி ஆழத்துல மூணுல ஒரு பங்கு சேறு ஏறினாலே எடுத்துடணும்ங்க, எங்களுது பாதிக்கு மேல. அவுட்லெட் டி-பைப் அடைச்சிருந்ததை அவரு மேல இருந்தே குச்சி விட்டு குத்தி விட்டதுல ஒரு நாள் தாங்குச்சு. கடையில பாக்டீரியா பவுடர் வித்தாங்க, வெல்லமும் ஈஸ்ட்டும் கரைச்சு ஊத்துங்கன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, எல்லாத்தையும் செஞ்சு பாத்தோம், சேறா படிஞ்சதை எந்த பவுடரும் கரைக்காது, அதை உறிஞ்சி வெளிய தான் எடுக்கணும். எடுக்க வண்டி வரணும். வண்டி வரணும்னா கொட்ட இடம் வேணும்.

ஒம்பது நாள் வண்டி வரல சார்.

எங்க மாமியாருக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் போச்சு, குத்த வெச்சு உக்கார முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் மட்டும் தான். மொத ரெண்டு நாள் பக்கத்து வீட்டுக்கு கூட்டிட்டு போனோம், அவங்க டேங்கும் எங்க நிலைமை தான், எத்தனை தடவை போய் நிக்கறது. அப்புறம் என் வீட்டுக்காரர் விடியக்காலை நாலரை மணிக்கு வண்டியில உக்கார வெச்சு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நாத்தனார் வீட்டுக்கு கூட்டிட்டு போவாரு. இருட்டுல, கால் மடக்க முடியாம, பின்னாடி நான் வேற இன்னொரு வண்டியில. பகல்ல அவசரம்னா? வாளி தான். அதை அவங்க ஒரே ஒரு தடவை தான் செஞ்சாங்க, நான் வாளியை எடுத்துட்டு போறதை பாத்து அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாங்க. எனக்கு தெரியல சார். சித்திரை வெயில்ல சொம்பு தண்ணி வெச்ச மாதிரியே இருக்கு, கேட்டா தாகம் இல்லம்மாங்கறாங்க. அஞ்சாம் நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் நடுக்கம், ஆஸ்பத்திரியில நீர்க்கடுப்பு இன்ஃபெக்ஷன்னு சொல்லி மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டரம்மா ஏன் பாட்டி தண்ணியே குடிக்கலன்னு கேட்டதுக்கு, "குடிச்சா போகணும்ல கண்ணு, எங்க போறது"ன்னு சொன்னாங்க. நான் அங்க நின்னுக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு சாயங்காலம் தான் நாலாவது தடவையா உங்க ஆபீசுக்கு வந்தேன். அங்க இருந்த ஒருத்தர், பேர் வேண்டாம், என்கிட்ட சொன்ன பதில் இது: "லாரி வரலன்னா என்னம்மா, ரெண்டு ஆளை பிடிச்சு இறக்கி எடுத்துடுங்க, ஆயிரம் ரூபா சேத்து குடுத்தா வருவாங்க."

அவரை திட்டணும்னு இதை எழுதல. ஆனா ஒரு அரசாங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அந்த வார்த்தையை எப்படி சொல்ல முடிஞ்சுது? மனுசனை செப்டிக் டேங்குல இறக்கக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. இறக்கினா வேலை குடுத்த நானும் குத்தவாளி, மொத தடவைக்கே ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2014ல சொன்னதை 2023ல 30 லட்சமா ஏத்திருக்கு. உங்க ஆபீஸ் சுவத்துலயே செப்டிக் டேங்க் எடுக்க கூப்பிடற 14420 உதவி நம்பரை எழுதி, ஆளை இறக்காதீங்கன்னு படம் போட்டிருக்கீங்க. அந்த சுவத்துக்கு பத்தடி தள்ளி தான் என்கிட்ட அதை சொன்னாரு. டேங்குக்குள்ள இருக்கற கேஸ் மொதல்ல அழுகின முட்டை மாதிரி நாறும், அதிகமா இருந்தா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, சரியாயிருச்சுன்னு நெனச்சு இறங்கறவன் அப்படியே விழுந்துடுவான், அவனை தூக்க போறவனும் விழுவான். எங்க அத்தை படற கஷ்டத்துக்கு இன்னொரு வீட்டு பிள்ளையோட உசுரை நான் குடுக்க மாட்டேன். ஆயிரம் இல்ல, ஒரு லட்சம்னாலும் மாட்டேன். யார் அந்த குழிக்குள்ள இறங்குவாங்கன்னு நெனச்சு அவரு அப்படி சொன்னாருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அது தான் எனக்கு இன்னும் எரியுது.

ஒம்பதாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வெளியூர் லாரி ஒண்ணு வந்துச்சு. எப்பவும் 2,500 குடுப்போம், 6,000 கேட்டாங்க, குடுத்தோம். மொத சேம்பர் மட்டும் ஒரு லோடு எடுத்துட்டு லைட்டை அணைச்சுட்டு போயிட்டாங்க. எங்க ஊத்துவீங்கன்னு நான் கேக்கல சார். கேட்டா எடுக்காம போயிடுவாங்களோன்னு பயம். மறுநாள் காலையில ஓடைப்பக்கம் காத்து வந்தப்போ அதே நாத்தம். அது எங்க வீட்டு கழிவான்னு எனக்கு தெரியாது, இல்லன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. அந்த ஓடை தண்ணி தான் பாறை வெடிப்புல இறங்கி எங்க போருக்கும் பக்கத்து போருக்கும் வரும். நம்ம மாவட்டத்துல போர் தண்ணியில பல்லை கறையாக்கற ஃபுளோரைடு இருக்குன்னு தானே ஒகேனக்கல் திட்டமே கொண்டு வந்தாங்க, 2013ல தண்ணி திறந்தப்போ எவ்வளவு சந்தோசப்பட்டோம். ஒகேனக்கல் தண்ணி வராத நாள்ல இன்னிக்கும் போர் தண்ணியை தான் பொழங்கறோம். பல்லு கறை போதாதுன்னு இப்ப வயித்துப்போக்கும் வரணுமா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்களுக்கு அடுத்த தெருவுல பல வீட்டுல டேங்க் அவுட்லெட்டை நேரா ரோட்டு சாக்கடையில விட்டிருக்காங்க. பிளான் அப்ரூவல் குடுக்கறப்போ சோக் பிட் காட்டி வரைஞ்சிருப்பாங்க, போய் பாத்தீங்களா? புதுசு புதுசா பிளாட் போடறாங்க, வீட்டு வரி மட்டும் கரெக்டா நோட்டீஸ் வருது, அந்த வீடுகளோட கழிவு எங்க போகும்னு ஒருத்தர் கூட பேசறதில்ல. சரி, அதெல்லாம் பேச ஆரம்பிச்சா கோபம் தான் வருது, மன்னிச்சுக்கோங்க, நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு.

லாரி கொட்ட இடம் காட்டுங்க. செய்யவே முடியாத காரியம் இல்லீங்க. செங்கல்பட்டு பக்கம் கருங்குழின்னு ஒரு ஊர், அதுவும் நம்மள மாதிரி பேரூராட்சி தான், அங்க 2017லயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, லாரி வந்து ஊத்தறதை படுகையில காய வெச்சு எடுக்கறாங்க. திருச்சியில லாரிங்க ஊத்தறதுக்குன்னே இடம் ஒதுக்கி அங்க இருந்து பம்ப் பண்ணி பெரிய பிளாண்டுக்கு அனுப்பறாங்க. நம்ம ஊர்ல இன்னிக்கே பிளாண்ட் கட்டுங்கன்னு நான் சொல்லல. பக்கத்து நகராட்சியில எங்கயாச்சும் சுத்திகரிப்பு நிலையம் இருந்தா அவங்ககிட்ட பேசி நம்ம ஊர் வண்டிகளையும் அங்க விடச் சொல்லுங்க. டீசல் செலவு கூடுதலானா நாங்க குடுக்கறோம், 6,000 குடுத்து ஓடையை நாசம் பண்றதுக்கு 4,000 குடுத்து ஒழுங்கா அனுப்பறது மேல். வண்டிக்கு லைசென்ஸ், ஜிபிஎஸ் எல்லாம் வேணும்னு விதி இருக்கு, அதையும் பாருங்க, ஃபைனும் போடுங்க. ஆனா போக இடம் காட்டிட்டு ஃபைன் போடுங்க.

அத்தை ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாங்க. இன்னும் சொம்பை கையில வெச்சுக்கிட்டு, டேங்க் சரியாயிடுச்சான்னு கேட்டுட்டு தான் தண்ணி குடிக்கறாங்க. எங்க டேங்குல ரெண்டாவது சேம்பர் இன்னும் எடுக்கல, ஆடி மாச மழைக்கு முன்னாடி எடுத்தாகணும். வர்ற திங்கக்கிழமை எங்க தெரு இருபத்திரெண்டு வீட்டுக்காரங்க கையெழுத்தோட உங்களை பாக்க வர்றோம், தயவுசெஞ்சு ஒரு பத்து நிமிசம் ஒதுக்குங்க. இந்த தடவை டிரைவர் தம்பி எங்க ஊத்தறதுங்க அக்கான்னு கேட்டா அவருக்கு ஒரு இடத்தோட பேரை சொல்லணும் சார். அந்த பேரை மட்டும் எழுதி குடுங்க.

இப்படிக்கு,
ஏரிக்கரை லேஅவுட் கடைசி தெருவுல இருந்து ஒரு வீட்டுக்காரி
தர்மபுரி மாவட்டம்