கிறிஸ்துமஸ் கேக்கும் அரசின் படிவமும்: வடசென்னை மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் வணக்கம்.

இது சாலை, சாக்கடை, குடிநீர் பற்றிய மனு அல்ல. அவற்றுக்கும் எங்களிடம் மனுக்கள் உண்டு, அவை வேறு நாள் வரும். இந்த மடல் வீட்டுச் சமையலறையைப் பற்றியது. பண்டிகைக் காலத்தில் வீட்டிலேயே கேக்கும் பலகாரமும் செய்து, கொஞ்சம் விற்று, கொஞ்சம் சும்மா கொடுக்கிற பெண்களின் அடுப்பங்கரைக்குள் சட்டம் எவ்வளவு தூரம் வரலாம் என்று உங்களிடம் கேட்கிறேன். இந்தச் சமையலை எங்கள் பக்கம் கொண்டுவந்த ஆங்கிலோ இந்தியர்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்த நியமன இட ஏற்பாடு 2020 ஜனவரியோடு முடிந்துபோனது. இந்தச் சமையலைப் பற்றிப் பேச இனி தனியாக ஒருவர் அங்கே இல்லை. நீங்கள்தான் பேச வேண்டும்.

எங்கள் பெரம்பூர்ப் பக்கம் கிறிஸ்துமஸ் அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். உலர்திராட்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல், முந்திரி எல்லாவற்றையும் சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்தமாக வாங்கி வந்து, பொடியாக நறுக்கி, கண்ணாடி ஜாடியில் ஊறப் போடுவோம். சில வீடுகளில் ரம். பல வீடுகளில் திராட்சைச் சாறு அல்லது ஆரஞ்சுச் சாறு. டிசம்பர் பிறந்ததும் சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுக்க வேண்டும். கேக்கின் நிறமும் ருசியும் அதில்தான் இருக்கிறது. பாகு கொஞ்சம் கூடுதலாக அடுப்பில் நின்றுவிட்டால் கசக்கும், குறைந்தால் கேக் வெளுத்துப்போகும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எனக்கு அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்காதே, புகையைப் பார் என்பார்.

அப்புறம் குல்குல். மைதாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு மாவைப் புதுச் சீப்பிலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். ஒருத்தியாக உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. தெருப் பிள்ளைகள், பாட்டிகள், தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்காருவார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் பாதிகூட இருக்கமாட்டார்கள். அச்சு முறுக்கு சுடும்போதும் அப்படித்தான். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசத்துக்கு நாங்கள் போய்க் கை கொடுத்திருப்போம்.

இந்தச் சமையல் எங்கள் ஊருக்கு ரயிலோடு வந்தது. 1856-இல் மெட்ராஸ் ரயில்வே பெரம்பூரில் பணிமனை வைத்த பிறகு ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்கள் இங்கே குடியேறின. 1955-இல் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறந்தபோது இன்னும் பலர் வந்தார்கள். சமையல் ஓட்டுநர் வீட்டிலிருந்து ஃபிட்டர் வீட்டுக்கும், அங்கிருந்து புளியந்தோப்புக்கும் வியாசர்பாடிக்கும் கைமாறிப் போனது. வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பு (அவன்) இல்லாத காலத்தில் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே பெயர்ச் சீட்டு வைத்து, பேக்கரியின் விறகு அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள் என்று அம்மா சொல்வார். இப்போது ஓடிஜி என்னும் சின்ன மின்சார அவன் இருக்கிறது. அது வந்த பிறகுதான் வீட்டிலிருந்தே விற்கலாம் என்று பெண்கள் துணிந்தார்கள்.

அதில் வருகிற பணம் பெரியது இல்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் மூன்றாம் பருவக் கட்டணம், அடகில் இருக்கும் கம்மல், ஜனவரி மாத வாடகை. கணவரிடம் கேட்காமல் கையில் எடுத்துச் செலவழிக்கிற ஒரே பணமாகவும் சில பெண்களுக்கு அது இருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்வகத்தில் தெரியவந்ததும் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்ததே, ஒரு தாயாக அன்று நான் நிம்மதியடைந்தேன். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்தை நடத்த அரசு வேண்டும். அந்த வேலையில் அரசு எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே.

என் வருத்தமெல்லாம் அதே சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர்களை அவை சிறு உணவு உற்பத்தியாளர் என்று வைத்து, உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்றன. நல்லதுதான். ஆனால் அந்த விளக்கத்துக்குக் கீழ் வரம்பு இல்லை. வருஷம் முழுக்கத் தினமும் சுடுகிற அடுமனைக்கும், டிசம்பரில் மட்டும் பத்துப் பதினைந்து கேக் விற்கிற வீட்டுக்கும் ஒரே படிவம். இன்னொன்றும் இருக்கிறது. சமய நிகழ்ச்சியிலோ சமூக நிகழ்ச்சியிலோ உணவு வழங்குகிறவர்களும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார்கள். அப்படியென்றால் ஆடி மாதம் அம்மன் கோவில் வாசலில் கூழ் ஊற்றுகிற காசிமேட்டுக் குடும்பம்? ரமலானில் நோன்புக் கஞ்சியை எல்லா மதத்துக்காரருக்கும் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுக்கிற பள்ளிவாசல்? பூசை முடிந்து தேவாலய வாசலில் கேக் துண்டு கொடுக்கிற எங்கள் அன்பியக் குழு, அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு? காசு வாங்காமல் கொடுப்பதற்கும் அரசிடம் பெயர் பதிய வேண்டும் என்ற நிலை வரவே கூடாது. விற்பனையில் தலையிட அரசுக்குக் காரணம் இருக்கலாம். பகிர்ந்து உண்பதில் தலையிட என்ன காரணம் இருக்கிறது?

பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தானே என்று உங்களில் யாராவது கேட்கலாம். கட்டணம் ஒரு தடையே இல்லை. என்னிடம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, ஆகவே எனக்காக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பதிவு செய்யப் போனபோது, வாடகை வீடு என்பதால் வீட்டு உரிமையாளரிடம் கடிதம் கேட்கப்பட்டது. அவர் கொடுக்க மறுத்துவிட்டார். மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, வீட்டைக் கடை என்று சொல்லி வரி போடுவார்களோ என்று அவருக்குப் பயம். எரிவாயு உருளையைப் பற்றியும் பேச்சு வந்தது. 14.2 கிலோ வீட்டு உருளையை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு எரிவாயு ஆணையிலேயே இருக்கிறது. அவள் கேக்கை மின்சார அவனில்தான் சுடுகிறாள், குல்குல்லை அடுப்பில் பொரிக்கிறாள். எது வீடு, எது தொழில் என்று அங்கே எப்படிப் பிரிப்பது? அந்த வருஷம் அவள் ஆர்டர் எடுக்கவில்லை. அதிகாரி யாரும் அவளை மிரட்டவில்லை, யாரும் அவள் வீட்டுக்கு வரவும் இல்லை. வந்தால் என்ன ஆகும் என்ற பயமே அவளை நிறுத்திவிட்டது.

இந்த விதிகளோடு சுகாதார நிபந்தனைகளைச் சொல்லும் நான்காம் அட்டவணை என்று ஒன்று சேர்ந்து வருகிறது. அதன் முதல் பகுதி சிறு உற்பத்தியாளர்களுக்கானது. தயவுசெய்து அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். சுவரில் சுண்ணாம்போ பூச்சோ உரியக் கூடாது. ஜன்னல்களுக்குப் பூச்சி வலை அடிக்க வேண்டும். கதவுகளுக்கும் மற்றத் திறப்புகளுக்கும் அப்படியே. ஒண்டுக்குடித்தன வீட்டில், ஒரே அறையில் சமைத்து அங்கேயே பாய் போட்டுத் தூங்குகிறவர்கள் இதை எப்படிச் செய்வார்கள்? அவர்கள் வீடு சுத்தமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறையை நாளைக்கு மூன்று முறை துடைக்கிறார்கள்.

அதே பகுதியில் ஒரு வரியைப் படித்துவிட்டு எனக்கு வெகுநேரம் மனசு ஆறவில்லை. புதிதாகத் தொடங்கும் உணவுத் தயாரிப்பு இடங்கள் மாசடைந்த பகுதிகளிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்கிறது அது.

நாங்கள் எங்கே விலகிப் போவது? மணலிக்கு சுத்திகரிப்பு ஆலையையும் உரத் தொழிற்சாலைகளையும் கொண்டுவந்தது யார்? எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் யாரைக் கேட்டுக் கழிமுகத்தில் கலந்தது? மாநகரத்தின் குப்பையை இத்தனை பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் கொட்டுவதற்கு எந்தக் குடும்பத் தலைவியிடம் அனுமதி வாங்கினார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்து சுவரில் கறுப்பாக ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். பண்டிகைப் பலகாரம் டப்பாவில் இருந்தபடியே இருக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த மாசு எதையும் எங்கள் சமையலறை உண்டாக்கவில்லை. மாசு உண்டாகும் இடத்தில் கண்காணிப்பு தளர்ந்திருக்கும்போது, அந்த மாசுக்கு நடுவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேக் சுடுகிறவளிடம் நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒரு விதி கேட்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரைத் தொழில் மண்டலமாக ஆக்கிவிட்டு, எங்கள் பெண்களின் கைத்தொழிலுக்கு இந்த ஊர் தகுதியில்லை என்று சொல்வது பெரிய அநியாயம்.

அடுத்தது, உள்ளே வருகிற அதிகாரம். விற்பனைக்கான உணவைத் தயாரிக்கும் இடம் எதிலும் நுழைந்து பார்க்க சட்டத்தின் 38-ஆவது பிரிவு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. கடைக்கு அது சரி. வீட்டில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மாமியார் படுத்திருப்பார், பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும், கொடியில் துணி காயும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். எதைச் சாப்பிடுவது, எப்படி உடுத்துவது என்று அரசு தங்களுக்குச் சொல்வதை எவரும் விரும்பமாட்டார்கள் என்று அவர்களில் ஒருவரான நீதிபதி செலமேஸ்வர் எழுதினார். 2011-இல் எழுதிய விதிகளை இந்தத் தீர்ப்புக்கு முன்னால் வைத்து ஒருமுறை யாராவது படித்துப் பார்க்க வேண்டாமா?

சட்டத்துக்குள்ளேயே எங்களுக்குச் சாதகமானவையும் இருக்கின்றன, அவற்றை எங்களிடம் யாரும் சொல்வதில்லை. பதிவுக்கு விண்ணப்பித்தால் 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு அறிவிப்புத் தர வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம் என்று 2011 விதிகளிலேயே எழுதியிருந்தது. காரணமில்லாமல் தொல்லை கொடுத்துப் பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 39-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. பண்டிகைக்கு முன்னால் பதிவு செய்யுங்கள் என்று வருகிற அறிவிப்புகளில் இவற்றையும் தமிழில் போட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வீட்டுத் திராட்சை ஒயினைப் பற்றி நான் இங்கே எதுவும் கேட்கவில்லை. அது 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த சாவுகளுக்குப் பிறகு அதைத் தளர்த்தச் சொல்லும் மனது எனக்கு இல்லை.

நான் கேட்பவை சிலதான். நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, விதிகளை மாற்றுவது ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் முதலில் உங்களிடம். காசு வாங்காமல் சமய, சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவர்களைப் பதிவிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். பண்டிகைக் காலத்தில் மட்டும், தன் கையால் செய்து, வாங்குபவரிடம் நேரடியாகக் கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு கீழ் வரம்பு வைத்து, அதற்குள் இருப்பவர்களை விட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டில் செய்தது, இன்னின்ன பொருள் சேர்ந்தது என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும் என்று வைக்கலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2015 முதல் அப்படியொரு சட்டம் இருக்கிறது. வீட்டில் செய்ததைத் தெரிந்தே வாங்குபவருக்கு நேரடியாக விற்க அங்கே உரிமமும் ஆய்வும் தேவையில்லை. நம்மிடமும் அரசு பிடியைத் தளர்த்தாமல் இல்லை. கேக்குக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது.

சட்டமன்ற உறுப்பினர்களே, உங்களிடம் கேட்பது நடைமுறை சார்ந்தவை. குடியிருக்கும் வீட்டுக்குள் ஆய்வுக்கு வருவதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பகலில், ஒரு பெண் அலுவலரோடு வரவேண்டும் என்று அரசாணை போடச் சொல்லுங்கள். புகார் இருந்தால் மட்டும் வரட்டும். வாடகை வீட்டில் சிறு அளவில் சமைத்து விற்பதால் மின் கட்டணமோ சொத்து வரியோ மாறாது என்று எழுத்தில் ஒரு விளக்கம் வாங்கிக் கொடுங்கள், அதைக் காட்டித்தான் வீட்டு உரிமையாளரின் கடிதத்தைப் பெற முடியும். வெண்ணெய் என்ற பெயரில் விற்கிற வனஸ்பதியையும், சாயம் கூடிய டூட்டி ஃப்ரூட்டியையும் மொத்தக் கடைகளிலேயே அக்டோபரில் சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஜாடிக்குள் போகும் முன்பே அது நடந்தால் எங்களுக்கும் பாதுகாப்பு.

அட்டவணையில் மாசடைந்த பகுதி பற்றிச் சொல்லும் அந்த வரிக்கு வடசென்னையின் சார்பில் உங்கள் ஏழு பேரிடமிருந்தும் ஒரு எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். எண்ணூரையும் மணலியையும் கொடுங்கையூரையும் பற்றி அவையில் கேள்வி எழுப்பும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரில் கேக் சுடும் ஒரு குடும்பத் தலைவி