கயலுக்கு அப்பா எழுதுவது

கயல் கண்ணு,

தீபாவளியன்று அம்மாவே போனை வைத்துக்கொண்டதால் நான் பேச வேண்டியது பாக்கி நின்றுவிட்டது. குழந்தையின் பாஸ்போர்ட் என்ன ஆயிற்று? எப்போது கேட்டாலும் "அவர் பார்த்துக்கிறார்ப்பா" என்கிறாய். சரி, பார்க்கட்டும். ஆனால் ஆவணியில் பிறந்த பிள்ளை. பிறந்து 120 நாளுக்குள் அங்கே அமீரகத்தில் அவனுக்கு ரெசிடன்ஸ் விசா எடுத்தாக வேண்டும், விசாவுக்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும், மார்கழி வந்தால் கெடு முடிகிறது. அப்புறம் அபராதம்தான்.

ஷார்ஜாவில் பிறந்தான் என்பதற்காக அந்த ஊர்க் குடியுரிமை கிடைத்துவிடாது. துபாயில் இருக்கிற நம் கான்சலேட்டில் பிறப்பைப் பதிய வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்குள். தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும், அந்த அலைச்சல் நமக்கு எதற்கு? கல்யாணம் முடிந்த கையோடு சார்பதிவாளர் ஆபீசில் பதிந்து, அமீரகத் தூதரக முத்திரை வரைக்கும் நீயே ஓடி ஓடி வாங்கினாய். தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெண்ணா இப்போது ஒரு ஃபாரத்தைத் தள்ளிப்போடுகிறாள் என்று எனக்கு ஆறவே இல்லை.

பெயரை நம் வழக்கப்படி இனிஷியலோடு எழுதிவிடாதே. கிவன் நேமில் அவன் பெயர், சர்நேமில் மாப்பிள்ளை பெயர் முழுசாக, உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பரிலேயே அமீரகத்தில் சொல்லிவிட்டார்கள். இவன் வளர்ந்து எங்கெல்லாம் போவானோ, இப்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடு. போட்டோவுக்கு வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்து எடு, கண் திறந்திருக்க வேண்டும், உன் கை தெரியக் கூடாது. கையெழுத்துக் கட்டத்தில் இடது பெருவிரல் ரேகை. பால் குடித்துத் தூங்கும்போது விரலைப் பிரித்து மெதுவாக வை, முழித்திருந்தால் கையை மூடிக்கொள்வான், மை கட்டத்துக்கு வெளியே போய்விடும்.

பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை போட்டுவிட்டாரா? தீபாவளிக்கும் டியூட்டி என்றாய், அதற்கு முன்னால் கூப்பிட்டபோதும் டியூட்டி என்றாய். வேலை அப்படித்தான், நான் குறை சொல்லவில்லை. அம்மாவும் கவனித்திருக்கிறாள், ஆனால் கேட்கமாட்டாள். ஒருத்தர் கையெழுத்து கிடைக்காவிட்டால் அதற்கென்று அனெக்சர் சி என்று தனியாக ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தெரிந்துவைத்துக்கொள், அவ்வளவுதான். உனக்கு அது தேவைப்படாமல் இருந்தால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உன் திருவாரூர் அத்தை பட்டது உனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் "நல்லா இருக்கேன் அண்ணே" என்றுதான் எழுதினாள். அதனால் நான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் என்று உயிரை வாங்கினால் கோபப்படாதே. உன் பாஸ்போர்ட்டில் நீ எப்போது வேண்டுமானாலும் விமானம் ஏறலாம். அவனுக்கு அது இல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு உன்னால் நம் வீட்டுக்கு வர முடியாது. எனக்கு ராத்திரித் தூக்கம் போவது இதனால்தான். அபராதத்தை நான் கட்டிவிடுவேன் கண்ணு, அது பெரிய விஷயமே இல்லை.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயே ஆன்லைனில் ஃபாரத்தை நிரப்பி அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடு. பணம் வேண்டுமென்றால் சொல், அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. நானும் அம்மாவும் தலைமைத் தபால் நிலையத்தில் விண்ணப்பித்து வாங்கிய பாஸ்போர்ட் பீரோவில் தயாராக இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவை முதல் விமானத்தில் ஏற்றி விடுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் அவள் கோயிலுக்குப் போயிருப்பாள், அப்போது என்னைக் கூப்பிடு.

அப்பா