அஞ்சு பேருக்கு அப்புறம் யாரு?

டேய் மாப்ள,

திட்டாத. தீபாவளிக்கு நீ போட்ட வாய்ஸ் மெசேஜுக்குப் பொங்கல் தாண்டியும் பதில் போடல, தப்புதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு வாத்து சொன்னான். இங்க எல்லாரும் சௌக்கியம், செம குளிர், சின்னவனுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, அவ்ளோதான்.

மேட்டர் என்னன்னா, அமெரிக்கன் ஃபுட்பால்ல நம்ம காலேஜ் டீம் ஓஹையோ ஸ்டேட் சாம்பியன்ஷிப் ஜெயிச்சுட்டானுங்கடா! திங்கக்கிழமை ராத்திரி அட்லாண்டால நோட்ரே டேமை 34-23. "பலாக்கொட்டைய வச்சுகிட்டு முட்டிக்கிறானுங்க"ன்னு சிரிப்ப, சிரி.

ஆனா நான் பந்தையே பாக்கலடா. சீசன் பூரா கவலை முன்னாடி குனிஞ்சு நிக்கிற அந்த அஞ்சு தடியனுங்க மேலதான், அஃபென்சிவ் லைன். பந்தை எறியுற குவார்ட்டர்பேக் மேல ஆள் விழாம தாங்கணும், ஓடுறவனுக்கு வழி விலக்கணும். நம்மூர் தேருக்கு முட்டுக்கட்டை போடுற ஆள் மாதிரி, சரியா போட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

அக்டோபர் 12, ஆரிகன் மேட்ச்ல லெஃப்ட் டேக்கிள், அதான் லைன்ல இடது ஓரத்துல நிக்கிற ஜாஷ் சிம்மன்ஸுக்கு முட்டி போச்சு, சீசனே காலி, மேட்சும் 32-31ல போச்சு. அடுத்து நெப்ராஸ்கா மேட்ச்ல வந்த ஜென் மிகால்ஸ்கிக்கும் அடி. பெஞ்ச்ல பாத்தா நம்பி இறக்க ஆளில்ல. கடைசில அதுக்குப் பக்கத்து இடத்துல கார்டா ஆடிட்டிருந்த டானவன் ஜாக்சனைத் தூக்கி டேக்கிள்ல நிறுத்துனாங்க. பக்கத்து இடம்தானேன்னு கேப்ப. கார்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும்டா, டேக்கிள் ஓரத்துல தனியா நிக்கணும், எதிர்ல வர்றவன் சுத்திகிட்டுப் பறந்து வருவான், இவன் அந்த உடம்ப வச்சுகிட்டு பின்பக்கமா சறுக்கிச் சறுக்கி காலெடுத்து வைக்கணும், அதுவும் குவார்ட்டர்பேக்குக்கு முதுகு இருக்கிற பக்கம். முதல் மேட்சே பென் ஸ்டேட், எதிர்ல அவனுங்களோட முரட்டு டிஃபெண்டர் அப்துல் கார்ட்டர். நான் ஜாக்சனோட காலை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், காபி ஆறிப்போச்சு. ஆரம்பத்துல ததிங்கிணத்தோம்தான். ஆனா கடைசில சொந்தக் கோட்டுலேர்ந்து ஒரு கஜத்துல பந்தை வாங்கி, ஒரு தடவ கூட எறியாம ஓடியே அஞ்சு நிமிஷத்தையும் தீத்தானுங்க பாரு, 20-13!

அதோட விட்டுச்சா? நவம்பர்ல பிராக்டிஸ்ல, லைன் நடுவுல நிக்கிற சென்டர் சேத் மெக்லாஃப்லினுக்கு குதிகால் தசைநாண் அறுந்துச்சு. அந்த இடத்துக்கு வந்தது கார்சன் ஹின்ஸ்மன். முந்தின சீசன்ல சென்டரா ஆடுனவனே இவன்தான், அலபாமாலேர்ந்து மெக்லாஃப்லின் வந்ததும் இடம் போச்சு. இப்பல்லாம் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேரைக் குடுத்துட்டு அடுத்த காலேஜுக்குப் பெட்டியக் கட்டிடுவானுங்க, இவன் போகல. கோச் ரையன் டேவை எல்லாரும் தூக்கி வச்சு ஆடுறாங்க, நான் இவனுக்குத்தான் மாலை போடுவேன். மிஷிகன்கிட்ட 13-10 தோத்த அன்னிக்கு முட்டி முட்டி நகரவே இல்ல, அதைப் பேசாத. ஆனா பிளேஆஃப்ல நாலு மேட்சும் இந்த ஒட்டுப்போட்ட லைன்தான்டா, அதே ஆரிகனை 41-21!

மாப்ள, அந்த நெப்ராஸ்கா வாரம் உன் நெனப்பு வந்துச்சு. கடை, அம்மா, ஆஸ்பத்திரி எல்லாம் ஒத்த ஆளா பாக்குற. உனக்கு ரெண்டு நாள் காய்ச்சல்னா யாருடா? பெங்களூர்ல இருக்கிற உன் தம்பிகிட்ட நான் பேசவா? கோவப்படாம சொல்லு.

ஜூலைல ஒரு மாசம் வரேன். கடைக் கல்லாவுல நான் உக்கார்றேன், நீ போய்த் தூங்கு. கணக்கு இடிச்சா மட்டும் மெஸ் பில் கதைய எடுக்காத.

உன்
கட்டை