துண்டை எடுத்துப் பார்க்காத அக்கா

சங்கரன்கோவில்
ஆவணி 10

அன்புள்ள மேரி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்த அன்றே பதில் போட்டிருக்க வேண்டும். தம்பி சண்முகத்தை மதுரையில் சேர்த்திருந்தோம். ஆஸ்பத்திரி, லாட்ஜ், மறுபடி ஆஸ்பத்திரி என்று நாள் ஓடிவிட்டது. நேற்று முன்தினம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இதை எழுதும்போது திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வந்தது ஈரல் வியாதியே இல்லை, மேரி. இதயத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது.

இரண்டு வருஷமாக அவன் வயிறு வீங்கிக் கிடந்த கதை உனக்குத் தெரியும். இங்கே பார்த்த இடத்தில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். உப்பில்லாச் சோறு, நீர் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி குத்தி நாலு லிட்டர், அஞ்சு லிட்டர் தண்ணீர் எடுப்பது. அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். ஒரே ஒரு கேள்விதான் அவனை அறுத்தது: "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவன் இல்லை. இல்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவன் பெண்டாட்டியே ஒரு நாள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, தறிக் கொட்டகையில வச்சுக் குடிச்சிருப்பாகளோ?" என்று கேட்டாள். அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன்.

மதுரையில் அவனை முதலில் பார்த்தது ஒரு பயிற்சி மருத்துவர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வயிற்றைத் தொடுவதற்கு முன்னால், "அண்ணே, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்க, நிமிர்ந்து உட்காருங்க" என்றாள். தறிக்காரன் கழுத்தில் எப்போதும் துண்டு கிடக்குமே. எடுத்ததும் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போதே ரத்தக்குழாய் காது மடல் வரை கயிறு மாதிரி புடைத்து நிற்கிறது. "மூச்சை நல்லா உள்ளே இழுங்க" என்றாள். மூச்சை இழுத்தால் கழுத்து ரத்தம் நெஞ்சுக்குள் இறங்கி அது தணிய வேண்டும். அவனுக்கு இன்னும் புடைத்தது. குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் 1873-இல் எழுதி வைத்த அடையாளம். நாம் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது. முப்பத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதிக்கு மேல் இதய ஆபரேஷன் தியேட்டரில். சொந்தத் தம்பியின் துண்டை நான் எடுத்துப் பார்க்கவில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

சி.டி. ஸ்கேனில் இதயத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு ஓடு தெரிந்தது. இதய உறை தடித்து, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது, கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸ். கொட்டாங்குச்சிக்குள் அடைத்து வைத்த மாதிரி இதயம் சுருங்கும், ஆனால் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. உள்ளே போக முடியாத ரத்தம் ஈரலில் தேங்கும், வயிற்றில் நீராகக் கசியும். ஈரல் டெஸ்ட் தப்பாக வந்ததில் ஆச்சரியமே இல்லை, ஈரலும் பாவம் நனைந்துதானே கிடந்தது. வெளிநாடுகளில் மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகோ இதய ஆபரேஷனுக்குப் பிறகோ இது வருவது உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் காசநோய்தான்.

அவனுக்கும் அதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் டி.பி. வந்தது. ஆறு மாத மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று மூன்றாம் மாதமே நிறுத்தியிருக்கிறான். சென்னையிலிருந்து போனில் "மாத்திரை போடுறியா?" என்று கேட்பேன், "ஆமாக்கா" என்பான். சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956-இல் தொடங்கிய சென்னை ஆய்வு மையம்தான் என்று நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பார்களே. வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் விழுங்குகிறானா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கண் எங்கள் வீட்டில் இல்லை.

ஆபரேஷன் என்றதும் எனக்கு 1991-இல் இதே வியாதிக்கு நாம் இரண்டு பேரும் நின்ற அந்தப் பையன் கேஸ்தான் கண்முன் வந்தது. நீ வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருந்தாய், நான் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ். இதயம், நுரையீரல் வேலையை வாங்கிக்கொள்ளும் ஹார்ட் லங் மெஷின் பக்கத்தில் தயாராக நின்றதே தவிர, பையனை அதில் போடவில்லை. அடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலேயே பதினைந்தாம் நம்பர் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக உறையை உரித்தார்கள். சுண்ணாம்புத் துண்டைக் கருவியால் கடித்து எடுத்துத் தட்டில் போட்டால் 'டக்'கென்று ஓடு விழுகிற சத்தம் வரும். முதலில் இடது கீழறையை விடுவிக்க வேண்டும் என்று சர்ஜன் சார் சொல்லிக்கொண்டே செய்தார். வலதை முதலில் திறந்துவிட்டால் அது ரத்தத்தை நுரையீரலுக்குள் அள்ளித் தள்ளும், இடது இன்னும் இறுகிக் கிடந்தால் அதை வாங்கி வெளியே அனுப்ப ஆளில்லை, நுரையீரல் மூழ்கிவிடும். கடைசித் துண்டு வந்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தத்தைக் காட்டும் சி.வி.பி. குழாயில் தண்ணீர் மட்டம் 26-லிருந்து மெல்ல மெல்ல 11-க்கு இறங்கியது. நீ முகமூடிக்குள் அழுதாய். எனக்குத் தெரியும்.

இப்படி உரித்து எடுக்கலாம் என்று 1898-இலேயே சொன்னவர் டெலோர்ம் என்ற பிரெஞ்சு ராணுவ சர்ஜன். 1913-இல் செய்து காட்டியவர் லுட்விக் ரேன். 1896-இல் குத்துப்பட்ட இதயத்தில் தையல் போட்டாரே, அவரேதான். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் மெஷின் வாங்கிக்கொண்டு ஆபரேஷன் வெற்றியாக நடந்தது 1953-இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்னால், வெறும் கையை நம்பி!

சண்முகத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சர்ஜன் வெளியே வந்து, உரித்த உறை கிடந்த பாட்டிலைக் காட்டினார். 2 மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாத உறை, 8 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஃபிரெனிக் நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டு அவ்வளவையும் எடுத்திருக்கிறார். நரம்பு போனால் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் செயலிழக்கும். அடிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு சதைக்குள் இறங்கியிருந்ததாம். "தோண்டினா கிழியும், தீவு மாதிரி விட்டுட்டேன்" என்றார். பேராசைப்படாத கை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் பயந்த நாட்கள். வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடந்த இதயச் சதை, கட்டை அவிழ்த்த உடனே வேகமாக ஓடுமா? இதயத் துடிப்புக்குப் பலம் கொடுக்கும் டோபுடமின் மருந்து மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் காலையில் யூரின் பையைப் பார்த்த ஐ.சி.யூ. சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எடை 71 கிலோவிலிருந்து 58-க்கு இறங்கிவிட்டது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, தறிப் பக்கமே போகக் கூடாது. டி.பி. இப்போது இல்லை என்று திசுப் பரிசோதனையில் வந்துவிட்டது.

அவன் பெண்டாட்டி அவனிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஐ.சி.யூ. வாசலில் அந்த மூன்று ராத்திரியும் அவள் படுக்கவே இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவு நீட்டினேன். நீ இன்னும் வாரத்தில் இரண்டு நாள் நர்ஸிங் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாய். வயிறு வீங்கியவர் யார் வந்தாலும், குடியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் துண்டை, காலரை, முந்தானையை விலக்கி, உட்கார வைத்து, கழுத்தைப் பார்க்கச் சொல்லு. டாக்டர் பார்க்காவிட்டால் இவர்கள் சொல்லட்டும். சண்முகத்தை நாகர்கோவிலுக்குக் கூட்டிவந்து உன் பிள்ளைகள் முன்னால் உட்கார வைக்கவும் தயார். அவனே "நான் வாரேன்க்கா" என்கிறான்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
செல்வி