மைசீனில டார்ச் குடுத்த பெரியம்மாவுக்கு நன்றி

கிரீஸ்ல ஆர்கோலிஸ் பக்கம் போயிருந்தப்ப ஃபிக்தி ஊர்ல பஸ் எங்கள இறக்கிவிட்டுட்டு போயிடுச்சு, மைசீனிங்கற பழங்கால கோட்டைக்கு இன்னும் 3, 4 கிலோமீட்டர் ஏறணும், அம்மாவுக்கு முட்டிவலி வேற. கேக்காமலே கார நிறுத்தி ஏத்திக்கிட்ட பெரியம்மா, உங்க பேரு கூட தெரியல, மனசார நன்றி.

மேல நிலத்தடி தண்ணித்தொட்டிக்கு இறங்குற படி கும்மிருட்டா இருக்கும்னு தேஞ்சுபோன மஞ்சள் டார்ச் ஒண்ண என் கைல வச்சு அழுத்துனாங்க பாருங்க! அது இல்லாம அந்த ஈரக்கல் படில கால வச்சிருக்கவே மாட்டேன். 1876ல ஷ்லீமன்ங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டி எடுத்த தங்க முகமூடி இங்க நகல்தான், அசல் ஏதென்ஸ்லன்னும், அட்ரியஸ் கல்லறைய விட்டுடாதீங்கன்னும் சொன்னாங்க. அந்த கல்லறை வாசலுக்கு மேல சுமார் 120 டன் கல்லு, அம்மா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாங்க.

டார்ச்ச நீங்க சொன்னபடியே டிக்கெட் கவுண்டர்ல குடுத்துட்டோம் பெரியம்மா.